குடித்து இறந்தவனுக்காக நாம் ஏன் அழவேண்டும்?

தியானப் பகுதிகள்: நீதிமொழிகள் 23:29-35, ஆபகூக் 2:15, லூக்கா 10:25-37



இந்த வாரம் ஒரு கேள்வியோடு உங்களிடம் வருகிறேன். அது என்னுடைய கேள்வி அன்று. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று நான் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, சபையின் மூத்த சகோதரர் ஒருவர் கேட்டது: “ஐயா, உழைத்துச் சாகிறவனுக்கு ஒன்றும் இல்லை. குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?” சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். உங்கள் போதகனாகிய நானும் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பைக் குறித்து இறுதியில் சொல்லுகிறேன். முதலில் அந்தக் கேள்விக்குச் சரித்திரம் என்ன பதில் தருகிறது என்று பொறுமையோடு பார்ப்போம்.

கருணாபுரத்தில் நடந்தது

கள்ளக்குறிச்சி நகரின் ஒரு பகுதி கருணாபுரம். கூலி வேலை செய்வோரும், சுமை தூக்குவோரும், அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உண்போரும் நெருக்கமாக வாழும் இடம். காவல் நிலையமும் நீதிமன்றமும் நடந்து செல்லும் தூரத்தில் இருந்தன. அங்கே பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் சாராயம் வெளிப்படையாகவே விற்கப்பட்டு வந்தது.

2024 ஜூன் 18 அன்று அந்தச் சாராயத்தைக் குடித்தவர்களுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கின. மறுநாள் மரணங்கள் தொடங்கின. முதல் மரணங்களுக்குக் காரணம் கள்ளச்சாராயம் அல்ல என்று மாவட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்து ஆரம்பத்தில் சொல்லப்பட்டது. துக்க வீட்டிற்கு வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அந்நாட்களின் செய்திகள் கூறின. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகள், புதுச்சேரி ஜிப்மர் என்று நோயாளிகள் கொண்டு செல்லப்பட்டார்கள். அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெண்களும் இருந்தனர். தகப்பனையும் தாயையும் ஒரே வாரத்தில் இழந்த பிள்ளைகளும் உண்டு.

அரசு ஒவ்வொரு குடும்பத்திற்கும் 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஜூன் 29 அன்று சட்டப்பேரவை மதுவிலக்குத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. உயிரிழப்பு நேரும்படி சாராயம் விற்பவருக்கு ஆயுள் தண்டனையும், 10 லட்சத்திற்குக் குறையாத அபராதமும் விதிக்க அது இடம் தந்தது. நவம்பர் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைச் சி.பி.ஐ.-க்கு மாற்றியது.

இவையெல்லாம் செய்தித்தாளில் நீங்கள் வாசித்தவையே. ஆனால் செய்தித்தாள் ஜூன் 18-இல் தொடங்குகிறது. சரித்திரம் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

மலையின் கதை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு பகுதிகள். மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மறுபக்கம் சேலம் மாவட்டத்திலும் இருக்கிறது. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குச் சம்பந்தம் இல்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதே பொருள். இவர்கள் பேசுவது தமிழே. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி பயிரிடுவார்கள். காட்டில் கடுக்காய் சேகரிப்பார்கள்.

இந்த மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் இருந்தது. சமவெளியில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. கல்வராயன் மலையின் ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டதோ 1976-இல். சுதந்தரம் அடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த மக்கள் பழைய ஆட்சியின் கீழேயே இருந்தார்கள். நிலப் பட்டாவும், சாலையும், பள்ளியும், மருத்துவமனையும் அந்த அளவுக்குத் தாமதமாயின. கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்வாதாரத்தைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். மலையின் வறுமைக்கும் சமவெளியின் சாராயத்திற்கும் உள்ள தொடர்பை நீதிமன்றம் கண்டது.

அந்தத் தொடர்பு எப்படிப்பட்டது? சாலை இல்லாத மலையில் விளைந்த மரவள்ளியைச் சந்தைக்குக் கொண்டுவரும் செலவு, அதன் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆனால் வெல்லம், கடுக்காய், வேலம்பட்டை ஆகியவற்றை நீரில் ஊறவைத்துக் காய்ச்சினால், அது லாரி டியூபில் அடைபட்டுத் தோளில் இறங்கிவிடும், அன்றைக்கே காசாகிவிடும். நீரோடை உண்டு, விறகு உண்டு, மறைவு உண்டு. பேரல் பேரலாக ஊறல் மண்ணில் புதைக்கப்படும். காவலர் வந்து ஆயிரக்கணக்கான லிட்டர் ஊறலைக் கொட்டி அழிப்பார்கள். சில நாட்களில் வேறொரு ஓடைக்கரையில் அடுப்பு எரியும். முதலீடு செய்கிறவன் கீழே இருப்பான். அடுப்பருகே நிற்பவன் மலையில் இருப்பான். சிறைக்குப் போகிறவனும் பெரும்பாலும் அவனே.

மலைமக்கள் எல்லாரும் சாராயம் காய்ச்சுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்ச்சாட்சி. பெரும்பான்மையோர் உழுது பிழைப்பவர்கள். பிழைப்பின் வாசல்கள் அடைபட்ட இடத்தில் திறந்திருக்கும் ஒரே வாசலாகச் சாராயம் சிலருக்கு அமைந்தது என்பதையே சொல்லுகிறேன்.

சட்டத்தின் கதை

இந்த மலையின் மேற்குச் சரிவு சேலம் மாவட்டம் என்றேன். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது அந்தச் சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை அதைத் தொடங்கியது. மதுவால் வந்த வருவாய் நின்றுபோனபோது, அந்த இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. ஏழையின் குடியிலிருந்து அரசு பணம் எடுக்கக்கூடாது என்ற எண்ணம் ஒருகாலத்தில் இத்தனை தூரம் சென்றது. 1948-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்தபோது மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஆயிற்று.

பின்பு நடந்ததை நம்மில் மூத்தவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறீர்கள். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-க்குள் கடைகள் மறுபடியும் மூடப்பட்டன. 1981-இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உருவாயிற்று. 1991-இல் மலிவு விலைச் சாராயம் நிறுத்தப்பட்டது. 2003-இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. 2023-24-ஆம் நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

மூடியும் திறந்தும் நடந்த இந்த வரலாற்றில் ஒன்று மட்டும் மாறவில்லை. மிகவும் ஏழையாயிருந்தவன் எப்போதும் மலிவானதையும் ஆபத்தானதையுமே குடித்தான். கடை மூடியிருந்தபோது கள்ளச்சாராயம் குடித்தான். கடை திறந்திருந்தபோதும், அங்குள்ள ஒரு குவார்ட்டர் பாட்டிலின் விலை அவன் கூலிக்கு எட்டாததால், அதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைத்த பாக்கெட்டைத் தேடிப் போனான். 2001-ஆம் ஆண்டின் இறுதியில் பண்ருட்டிப் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மே மாதம் மரக்காணத்திற்கு அருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கருணாபுரம்.

மதுவிலக்கு உள்ள மாநிலங்களும் தப்பவில்லை. 2022 ஜூலையில் குஜராத்தின் போட்டாட் பகுதியிலும், அதே ஆண்டு டிசம்பரில் பீகாரின் சாரண் மாவட்டத்திலும் இதே விதமாய் மக்கள் மடிந்தார்கள். மதுவிலக்கு இல்லாத மும்பையின் மால்வணியில் 2015-இல் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முக்கியமானதே என்றாலும், அது மட்டுமே இந்தப் புண்ணை ஆற்றிவிடாது.

சரீரத்தின் கதை

இப்போது நாம் அதிகம் பேசாத ஒன்றுக்கு வருகிறேன். “தெரிந்தும் ஏன் குடிக்கிறான்?” என்று கேட்கிறோம் அல்லவா? அதற்குச் சரீரம் தரும் பதில் இது.

சாராயத்தில் இருக்கவேண்டியது எத்தனால். மெத்தனால் வேறு பொருள். பெயிண்ட், வார்னிஷ் முதலிய தொழில்களுக்கு உரியது. நிறமும் வாசனையும் சுவையும் எத்தனாலை ஒத்திருக்கும். குடிப்பவனால் பிரித்தறிய முடியாது. விலை குறைவு, வரியும் கட்டுப்பாடும் ஏய்க்கப்படும்போது இலாபம் மிகுதி. ஆகவே வியாபாரி அதைக் கலக்கிறான். மெத்தனால் தன்னளவில் உடனே கொல்லுவதில்லை. ஈரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பின்பு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலமே உயிரணுக்கள் மூச்சுவிடும் வழியை அடைக்கிறது. கண் நரம்பு முதலில் சாகிறது. சுமார் 10 மில்லி பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரையே பறிக்கலாம்.

இதற்குப் பல மணிநேரம் பிடிக்கிறது. கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் ஏமாற்றம் இருக்கிறது. குடித்தவன் வழக்கம்போல் உறங்குகிறான். மறுநாள் தலைவலியும் வாந்தியும் வந்தால், நேற்றுக் குடித்ததன் மிச்சம் என்று எண்ணிக்கொள்கிறான். கண்முன் பனிமூட்டம் போல மங்கும்போதே பயப்படுகிறான். அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. ஃபோமிபிசோல் என்ற மாற்று மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் பலரைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் வழக்குக்குப் பயந்தும், வெட்கத்தாலும் வீட்டில் படுத்திருப்பவன் மரித்துப்போகிறான். வெட்கம் கொல்லும், சபையாரே. இதை மறந்துவிடாதேயுங்கள்.

நச்சுச் சாராயத்தின் கதை இது. நச்சில்லாத சாராயத்திற்கும் ஒரு கதை உண்டு; அதுவே அடிமைத்தனத்தின் கதை. மது மூளையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் வேலையைக் கூட்டி, விழிப்பூட்டும் வேதிப்பொருளின் வேலையைக் குறைக்கிறது. நாள்தோறும் இப்படி நடந்தால் மூளை தன்னை அதற்கேற்றபடி மாற்றிக்கொள்கிறது. எதிர்ப்பக்கமாகப் பலத்தோடு இழுத்துப் பிடிக்கிறது. அதனால் முன்பு போதையேற்றிய அளவு இப்போது போதாமற்போகிறது. திடீரென்று மது நின்றுவிட்டால், எதிர்ப்பக்க இழுப்பு மட்டும் மிஞ்சுகிறது. ஆறு முதல் எட்டு மணிநேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் இல்லாத உருவங்களைக் கண்டு அலறும் பிதற்றல் நிலை வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் அதில் உயிரே போகலாம்.

இப்போது கருணாபுரத்துச் சுமைதொழிலாளி ஒருவனை நினைத்துப் பாருங்கள். இரவு குடித்தவன் விடியற்காலையில் எழுகிறான். கை நடுங்குகிறது. நடுங்கும் கையால் மூட்டை தூக்க முடியாது. மூட்டை தூக்காவிட்டால் கூலி இல்லை. அரசுக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். பாக்கெட்டோ விடியற்காலையிலேயே கிடைக்கும். அதைக் குடித்தால் கை நிற்கும். அவன் அந்த நேரத்தில் குடிப்பது இன்பத்திற்காக அன்று, வேலைக்குப் போவதற்காக. இன்பத்திற்காகத் தொடங்கியது வேதனை தீர்வதற்காகத் தொடருகிறது. இதுவே அடிமைத்தனம் என்ற சொல்லின் மெய்யான பொருள்.

நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை மெதுவாக வாசித்துப் பாருங்கள். குடிகாரனின் புலம்பல், காரணமில்லாத காயங்கள், கண் சிவப்பு, விசித்திரமானவற்றைக் காணும் கண்கள், நடுக்கடலில் படுத்தவனைப் போன்ற தள்ளாட்டம் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கின்றன. கடைசியில் அந்த மனிதன் என்ன செய்கிறான்? அடிபட்டதைக்கூட உணராமல், எப்போது விழித்து மறுபடியும் அதைத் தேடுவேன் என்கிறான். மருத்துவ நூல்கள் பிற்காலத்தில் விவரித்த நிலையை ஞானி அன்றே கண்டு எழுதினார். அவர் அதை இகழ்ச்சியாக எழுதவில்லை. மகனை எச்சரிக்கும் தகப்பனாக எழுதினார்.

மற்றப் போதைகள்

வாலிபப் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கஞ்சா, ஹெராயின், கொக்கெய்ன் ஆகியவை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. ஒவ்வொன்றின் பிடியும் ஒவ்வொரு விதம். அமெரிக்காவில் 1994-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்களில் பிற்பாடு அடிமையானவர்கள் புகையிலையில் நூற்றுக்கு 32 பேர், ஹெராயினில் 23, கொக்கெய்னில் 17, மதுவில் 15, கஞ்சாவில் 9. இந்தப் பட்டியலில் முதலிடத்தில் நிற்பது சட்டம் அனுமதித்த பொருள் என்பதைக் கவனியுங்கள். சட்டம் அனுமதிப்பதும் சரீரம் தாங்குவதும் ஒன்றல்ல.

கஞ்சாவைப் பற்றி “அது மூலிகை, ஒன்றும் செய்யாது” என்று பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நூற்றுக்கு ஒன்பது என்பது ஒன்றுமில்லாத எண் அன்று. இளம் வயதில் தொடங்கி அதிகமாய்ப் பயன்படுத்துவோருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. மனநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. நினைவாற்றலும் படிப்பும் கெடுகின்றன. ஹெராயினை நிறுத்தும்போது வரும் வேதனை கொடியது, ஆயினும் அந்த நிறுத்தல் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. அளவு மீறினால் மூச்சு நின்று போவதே அதன் மரணம். இன்று நம் ஊர்களில் வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வழக்கமும் பரவியிருக்கிறது. அவற்றில் பல ஹெராயின் இனத்தைச் சேர்ந்தவையே; பகிர்ந்துகொள்ளும் ஊசியால் எச்.ஐ.வி.யும், ஈரலைக் கெடுக்கும் மஞ்சள்காமாலைக் கிருமிகளும் பரவுகின்றன.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் வந்த சிக்கலுக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் கூறியது. நம் ஆலயத்தில் அமர்ந்திருக்கும் குடும்பங்களை அந்தக் கணக்கிலிருந்து விலக்கி வைக்க எந்த முகாந்தரமும் இல்லை.

மூன்று வேதப்பகுதிகள்

சிலர் கேட்பீர்கள்: “அப்படியானால் குடிப்பவனுக்குப் பொறுப்பே இல்லையா, ஐயா?” உண்டு. முதல் குவளையை எடுத்தவன் அவனே. மனைவியின் தாலியை அடகு வைத்தவனும், பிள்ளையை அடித்தவனும் அவனே. வேதம் குடிவெறியைப் பாவம் என்றே சொல்லுகிறது. நான் அதைக் குறைத்துச் சொல்லத் துணியேன். ஆனால் அதே வேதம் குடிப்பவனோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

ஆபகூக் 2:15-ஐத் திறந்து பாருங்கள். அங்கே ஐயோ என்ற வார்த்தை குடித்தவன்மேல் விழவில்லை. அயலானுக்குக் குடிக்கக் கொடுத்தவன்மேல் விழுகிறது. தீர்க்கதரிசி ஒரு பேரரசைக் குறித்தே அதைச் சொன்னார் என்றாலும், பிறரை மயக்கி அதில் ஆதாயம் தேடுகிறவர்கள் எல்லாரும் அந்த வார்த்தையின் கீழே நிற்கிறார்கள். மெத்தனால் கலந்தவன் நிற்கிறான். முதலீடு போட்டவன் நிற்கிறான். கண்டும் காணாமல் இருக்கக் காசு வாங்கியவன் நிற்கிறான். ஏழையின் குடியால் நிரம்பும் கஜானாவிலிருந்து நன்மைகளைப் பெற்றுக்கொள்ளும் நாமும் சற்றுத் தலைகுனிந்தே அந்த வசனத்தை வாசிக்கவேண்டும்.

அடுத்து, லூக்கா 10. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை கள்ளர் பயமுள்ள பாதை என்பது கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். “தெரிந்தும் அந்த வழியில் தனியாக ஏன் போனான்?” என்று கேட்க எல்லா நியாயமும் இருந்தது. ஆசாரியனும் லேவியனும் ஒருவேளை அப்படி எண்ணியே விலகிப் போயிருக்கலாம். ஆண்டவரோ அந்தக் கேள்வியை உவமையில் எங்கும் எழுப்பவில்லை. சமாரியனும் எழுப்பவில்லை. அவன் காயத்தைக் கட்டினான். சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று உறுதி கூறினான். சாகக் கிடந்தவனுக்குப் பணம் செலவழிப்பது தகுமா என்று அவன் கணக்குப் பார்க்கவில்லை.

என் தலையசைப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் கழித்து, நம் சபையின் சகோதரி ஒருவர் மாலையில் தனியாக என் வீட்டிற்கு வந்தார். நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பின்பு, “ஐயா, அன்றைக்கு வாசலில் நீங்கள் தலையசைத்தீர்கள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பதினோரு வருஷமாய்க் குடிக்கிறார். உங்களிடம் சொல்லி ஜெபிக்கச் சொல்லலாம் என்று அன்றுதான் தைரியம் கொண்டு வந்தேன். சொல்லாமலே திரும்பிவிட்டேன்” என்றார்.

பதினோரு ஆண்டுகள். அந்தச் சகோதரி ஒவ்வொரு வாரமும் நம்மோடு பாடியிருக்கிறார். பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஜெபவிண்ணப்பம் கொடுத்திருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் கொடுக்க முடியாதபடி நாம் ஆலய வாசலை அடைத்து வைத்திருந்தோம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று, அவருடைய அனுமதியோடு, உங்கள் முன்னும் கேட்கிறேன்.

அவருடைய கணவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். உபவாச ஜெபத்தில் விட்டுவிடச் சொல்லி வீட்டிலேயே திடீரென்று நிறுத்தவைக்கலாம் என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். அப்படிச் செய்திருந்தால் வலிப்பு வந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னபோது நடுங்கிப்போனேன். அவர் குணமடைந்து சாட்சி சொன்னார் என்று எழுத ஆசைதான். அவர் இருமுறை வழுவினார். மூன்றாம் முறையாகச் சிகிச்சையில் இருக்கிறார். வழுவுதல் இந்த நோயில் அபூர்வம் அன்று. அதைக் கண்டு சோர்ந்துபோகாமல் மறுபடியும் அழைத்துச் செல்வதே அன்பின் வேலை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, யாரேனும் சாராயம் குடித்தபின் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதேயுங்கள். உடன் குடித்தவர்களையும், நன்றாயிருப்பதாகத் தோன்றினாலும், அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, நாள்தோறும் குடிக்கிறவரை மருத்துவ ஆலோசனை இல்லாமல் திடீரென நிறுத்தச் சொல்லாதேயுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் உதவி உண்டு. 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. சமாரியன் காயத்தில் எண்ணெயும் வார்த்தான், சத்திரத்திற்கும் கொண்டுபோனான்.

மூன்றாவது, குடிப்பவரின் மனைவியும் பிள்ளைகளும் நம் நடுவில் வெட்கமின்றிப் பேசக்கூடிய ஓர் இடத்தை நாம் உண்டாக்கவேண்டும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை அதற்காக ஆலயத்தின் பக்க அறை திறந்திருக்கும். அங்கே பேசப்படுவது அங்கேயே இருக்கும்.

நான்காவது, மலைப்பகுதிகளுக்கு நாம் போகும்போது துணிமணி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நிறுத்திவிடாமல், அந்த மக்களின் விளைச்சலுக்கு நியாயமான விலை கொடுத்து வாங்குவோம். அவர்கள் பிள்ளைகளில் ஒருவரின் கல்லூரிப் படிப்பையாவது சபை ஏற்றுக்கொள்ளுமா என்று ஜெபத்தோடு யோசிப்போம்.

சிந்திக்க

என் வீட்டில் அல்லது உறவில் குடிப்பவர் ஒருவரை நான் எந்தப் பெயரால் அழைக்கிறேன்? ஒருவருடைய துக்க வீட்டின் வாசலில் நான் கடைசியாகக் கேட்ட கேள்வி என்ன? என் தலையசைப்பால் வாய் அடைபட்டவர் யாராவது உண்டா?

ஜெபம்

இரக்கமுள்ள பிதாவே, கருணாபுரத்தின் பிள்ளைகளை நினைத்தருளும். கல்வராயன் மலையின் மக்களுக்கு நேர்மையான பிழைப்பின் வாசல்களைத் திறந்தருளும். அடிமைத்தனத்தில் கிடப்பவர்களைத் தூக்கிவிடும். வழுவினவர்களை மறுபடியும் எழுப்பும். பிறர் அழிவில் ஆதாயம் தேடுகிறவர்களின் மனதைத் திருப்பும். நியாயத்தீர்ப்புச் சொல்ல விரைந்த எங்கள் நாவையும், அதற்கு இசைந்த எங்கள் தலையையும் மன்னியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.